எரியாத கட்சிக்காரர்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்கிற தொட்டில் குழந்தைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தூங்கிப்போகும் அதிசயம் அன்றைக்கு நடந்ததால் அவசரப்படாமல் வாசிக்க முடிந்தது. தை மாதம் பதுளைக் கோயிலிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளப் பெண் வீட்டார் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். நல்ல சேதி. எல்ல ஊர்ப் பக்கம் மழையும் பனியும் விடாத மாதத்தில் பட்டுச்சேலை கட்டிய பெண்ணை லொறியில் ஏற்றி எப்படிக் கொண்டுவரப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு யோசனை. அதற்கு அடுத்த பத்தியில்தான் அந்த விஷயம் இருந்தது. உன் அப்பா விபூதி பூசிக்கொண்டு மணவறையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டும்; முடியாது என்றால் அவர் வராமல் இருப்பதே நல்லது; இதை நான் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடிதம் முடிந்த பிறகு, ஓரத்தில் இருந்த இடத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். சாமியே இல்லை என்று சொல்லிக்கொண்டே அப்பா கண்ணை மூடினால் அவர் எங்கே போவார், அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று.

மேலே இருந்ததை வாசித்ததும் கோபம் வந்தது. ஓரத்தில் இருந்ததை வாசித்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. தகப்பன் கும்பிடுகிறவர், பிள்ளை கும்பிடாதவன் என்றால் அது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. நம் வீட்டில்தான் எல்லாம் தலைகீழ். நீ மாலை போட்டுக்கொண்டு கதிர்காமத்துக்கு நடந்து போன வருஷம், "வாத்தியார் மகன் வழி தவறிட்டானாமே" என்று தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சிரித்துவிட்டு, நடக்கிறது உடம்புக்கு நல்லதுதான் என்று சொன்னாராம்.

நீங்கள் இரண்டு பேரும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை தடவை இதைத் தர்க்கம் பண்ணியிருப்பீர்கள். நான் பரிமாறுவேன், கேட்பேன், வாய் திறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன், அதனால் அம்மா உன் கட்சி என்று நீ நினைத்தாய். அவர் வாசிக்கிற புத்தகங்களை எல்லாம் அவருக்கு முன்னாலேயே வாசித்து முடித்துவிடுகிறேன், அதனால் நான் தன் கட்சி என்று அவர் நினைத்தார். இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருக்கவில்லை. மனசுக்குள் கதவு போட்ட ஓர் அறை எனக்கும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, மாமியார் ஆகப்போகிறேன் என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஆகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இந்த ஒரு தடவை அந்தக் கதவைத் திறக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பிள்ளையும் வாசிக்கட்டும், அவள் வீட்டாரும் வாசிக்கட்டும்.

உன் அப்பாவிடம் விபூதியைக் கேட்கிற முதல் ஆள் நீ இல்லை. உன் தாத்தா, என் அப்பா, உனக்கு முன்னாலேயே கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நமுனுகுலை மலைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து என்றால் உன் தாத்தாதான். பகலெல்லாம் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலை. மாசி பிறந்துவிட்டால் பாட்டு. மூன்றாம் பிறை கண்டதும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்து ஓரத்தில் காமன் கம்பம் நட்டு, பௌர்ணமிக்கு அதைக் கொளுத்துவார்கள். சிவனுடைய தவத்தைக் கலைத்த மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோகிறான். பெண்சாதி ரதி ஒப்பாரி வைக்கிறாள். மூன்றாம் நாள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மதன் எழுந்து வருகிறான். இது உனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நீ பிறந்த பிறகு நின்றுபோன ஒரு வழக்கம் இருந்தது. கொளுத்துவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்தில் வாதம் வைப்பார்கள். மதன் எரிந்தே போனான் என்று எரிந்த கட்சி பாடும். உடம்பைத்தான் நெருப்புத் தின்றது, மதன் எரியவில்லை, இருக்கிறான் என்று எரியாத கட்சி பாடும். ஒன்று சிவனுக்காகச் சண்டை போடும், மற்றது மதனுக்காக. இரண்டு பக்கமும் விரதம் இருந்து சாமி கும்பிடுகிறவர்கள்தான்.

உன் அப்பா அப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார். பள்ளிக்கூட அலுமாரியில் இருந்த புத்தகங்களை நான் ஒவ்வொன்றாக வாங்கி வாசித்துத் திருப்பிக் கொடுப்பேன். அப்படித்தான் பழக்கம். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகத்தில் எந்த இடம் பிடிக்கவில்லை என்று நான் சொல்லுவேன், ஏன் பிடிக்கவில்லை என்று அவர் கேட்பார். என்னிடம் "ஏன்" என்று கேட்ட முதல் ஆள் அவர். பெண் கேட்டு அவர் வந்தபோது உன் தாத்தாவுக்கு மற்ற எல்லாம் சம்மதம். ஒன்றைத் தவிர. அந்த வெறும் நெற்றி.

"வாத்தியாரே, சாமி இல்லேங்கிறீங்க. இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை களத்துக்கு வாங்க. எரியாத கட்சியில பாடுறவருக்குத் தொண்ட கட்டிப்போச்சு, எடம் காலியாத்தான் கெடக்கு. ஜெயிச்சா துண்ணூறு இல்லாமலே எம் பொண்ணக் கட்டிக்கங்க. தோத்தா பூசிக்கிட்டு, கோயில சுத்தி வந்துட்டுப் பொண்ணு கேளுங்க."

உன் அப்பா உடனே ஒத்துக்கொண்டார். அங்கேதான் அவர் ஏமாந்தார். அவர் வளர்ந்த அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்தே கிடையாது. எரிந்த கட்சி என்றால் கதையை நம்புகிறவர்கள், எரியாத கட்சி என்றால் அதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லுகிறவர்கள் என்று அவராகவே முடிவு பண்ணிக்கொண்டார். தனக்கென்றே ஒரு கட்சியை அந்தக் காலத்திலேயே உண்டாக்கி வைத்திருக்கிறார்களே என்று தோட்டத்து மக்கள்மேல் அவருக்கு மரியாதைகூட வந்ததாம். வாரம் முழுக்க உட்கார்ந்து தயார் செய்தார். கண்ணில் நெருப்பு உண்டாக முடியாது என்பதற்கு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தார்.

களம் நிறைந்திருந்தது. நான் பெண்களோடு கொழுந்து நிறுக்கிற கொட்டகைப் பக்கம் நின்றேன். எரிந்த கட்சிக்காக உன் தாத்தா முதலில் பாடினார். எரிந்தான், சாம்பலானான், எதிர்த்தவன் எவனும் மிஞ்சவில்லை என்று அவர் பாடினபோது பனியும் சேர்ந்து இறங்கிற்று. பிறகு உன் அப்பா எழுந்தார். பாட்டு வராது, அதனால் பேசினார். மதன் எரியவில்லை என்றார். எரியாத கட்சிப் பக்கம் ஒரே ஆரவாரம். எரியவில்லை, ஏனென்றால் மதன் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்றார். ஆரவாரம் அப்படியே நின்றது. நெற்றியில் கண் இருக்க முடியாது, செத்தவன் மூன்றாம் நாள் எழுந்து வர முடியாது என்று அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். எரியாத கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கள் ஆளே தங்கள் சாமியை இல்லை என்கிறானே, இவனுக்குக் கைதட்டுவதா, இவனை உட்காரச் சொல்வதா என்று அவர்களுக்குப் புரியவில்லை. எரிந்த கட்சிக்காரர்கள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாதத்தின் நடுவில் குறுக்கே கேட்கிற உரிமை ரதிக்கு மட்டும்தான் உண்டு. அந்த வருஷம் ரதி வேஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற சுப்பையா அண்ணனுக்கு. சேலை கட்டி, கொண்டை வைத்து, மீசையை மட்டும் இன்னும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து உன் அப்பாவுக்கு நேரே நின்றார்.

"வாத்தியாரே, நீங்க எங்கட்சி. எம்புருசன் சாகலன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க என்னடான்னா எனக்குப் புருசனே இல்லேன்னுட்டீங்க. இப்ப நான் தாலிய அறுக்கவா, வச்சுக்கவா?"

களம் முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரிக்கத்தான் போனார். ஆனால் சுப்பையா அண்ணன் சிரிக்கவில்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. அவருடைய பெண்சாதி அதற்கு முந்திய வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். அதற்காகத்தான் அவர் ரதி வேஷம் நேர்ந்துகொண்டார் என்பது களத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதாக அவர் கேட்டது எங்களுக்கே சரியாகக் கேட்காத மெல்லிய குரலில்.

"அப்ப யாருக்காக வாத்தியாரே நான் அழுவுறேன்?"

தம்பி, அந்த நேரத்தில் உன் அப்பா ஜெயித்திருக்கலாம். ரொம்பச் சுலபம். மதன் இருக்கிறான், மூன்றாம் நாள் வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எரியாத கட்சி அவரைத் தோளில் தூக்கியிருக்கும், விபூதி இல்லாமலே நானும் கிடைத்திருப்பேன். எனக்கு அது அங்கே நின்றபோதே தெரிந்தது. சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கையிலிருந்த குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணே, மதினி திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாதத எப்படிச் சொல்லுறது? ஆனா நீங்க அழுவுறது நெசம். அது இல்லேன்னு எவனாவது சொன்னா, மொத ஆளா நான் அவன்கூடச் சண்டைக்கு வருவேன்."

அதற்குமேல் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பதில் பாட்டு இல்லாததால் எரிந்த கட்சி ஜெயித்ததாக முடிவானது. யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. சுப்பையா அண்ணன் வெறும் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுருட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் உன் அப்பா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "தோத்துட்டேங்க. ஆனா துண்ணூறு பூச மாட்டேன். பூசினா அது நான் உங்களுக்குச் சொல்ற பொய். அதனால பொண்ணு கேக்க எனக்கு வழி இல்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். உள்ளே நான் எரிந்துகொண்டிருந்தேன். எனக்காகக்கூட ஒரு துளி சாம்பலைப் பூச மாட்டேன் என்கிற மனுஷனை என்ன செய்வது? உன் தாத்தா உள்ளே திரும்பிப் பிளேன்டீ போடச் சொன்னார். நான் கோபத்தில் சீனி போடாமலே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் அப்பா அதை அப்படியே குடித்து முடித்தார்.

"ஒங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாங்க, நாள் பாப்போம்" என்றார் உன் தாத்தா. தோற்றவனுக்கா பெண்ணைக் கொடுக்கிறோம் என்று என் அம்மா கேட்டதற்கு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "களத்துல அத்தன பேரு முன்னால பொய் சொல்லிக்கிட முடியாதவன், இவகிட்ட மட்டும் எப்படிச் சொல்லுவான்? போதும்."

கல்யாணத்தன்று உன் தாத்தாதான் எல்லாருக்கும் விபூதி பூசிவிட்டார். என் நெற்றியில் பூசினார். மறுபடி ஒரு சிட்டிகை எடுத்து உன் அப்பாவிடம் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. அவருடைய நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அந்தச் சிட்டிகையையும் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். இரண்டு பேருக்கான விபூதியோடு அன்றைக்கு முழுக்க அவர் பந்தலில் திரிந்ததைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஓயாமல் தர்க்கம் பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுதான் வேலை. எமலோகம் எந்தப் பக்கம் இருக்கிறது, வெலிமடைக்கு அந்தப் பக்கமா என்று இவர் கேட்பார். நீங்கள் போகும்போது தெரியும் மாப்புள, உங்களுக்கென்று அங்கே தனிக் காம்பரா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லுவார். வெளியிலிருந்து கேட்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சலில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன் தாத்தா கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டார், உன்னைத் தோளில் சுமந்து நடந்து வருவதாக. நீ பிழைத்தாய். மருந்தால் என்றார் உன் அப்பா, முருகனால் என்றார் உன் தாத்தா, அதிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஆனால் நடக்கிற காலம் வந்தபோது உன் தாத்தாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நேர்ந்ததைச் செய்யாமல் போய்விடுவேனோ என்று அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில் உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாங்க மாமா, நீங்க பஸ்ஸுல வாங்க, நான் நடக்குறேன்" என்று கிளம்பிவிட்டார். புத்தளைக்கு அந்தப் பக்கம் காடு, வெயில். நீ வழியெல்லாம் அவருடைய காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே போனாயாம். கோயில் வாசலில் உன்னைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு, எல்லாருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு வெளியே நின்றார். உன்னைக் கதிர்காமத்துக்குத் தூக்கிப்போனது தாத்தா என்று நீ எல்லாரிடமும் சொல்லுகிறாய். உன் அப்பா ஒருநாளும் அதைத் திருத்தவில்லை. சாமிக்காகச் செய்ததில்லை, மாமாவுக்காகச் செய்தது என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்.

உன் தாத்தா படுக்கையில் விழுந்த பிறகும் வாய் ஓயவில்லை. கடைசி வாரம் உன் அப்பாவைக் கூப்பிட்டு, "மாப்புள, அங்க எதுனா இருந்தா எப்படியாச்சும் சொல்லி அனுப்புறேன்" என்றார். ஒன்றும் இல்லாவிட்டால் என்று உன் அப்பா கேட்டார். "இல்லாட்டி நீங்கதான் ஜெயிச்சீங்க. ஆனா அத ஒத்துக்கிட நான் இருக்க மாட்டேனே" என்று சொல்லி இருமி இருமிச் சிரித்தார். உன் அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவரைப் புதைத்த இடத்தில் பால் ஊற்றுகிற அன்று மற்றவர்கள் எல்லாம் மண்ணை மூன்று தடவை சுற்றி வந்து கும்பிட்டார்கள். உன் அப்பா சுற்றவில்லை. எல்லாரும் போன பிறகும் அங்கேயே நின்றார். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "சும்மா நின்னேன். ஒருவேள சொல்லி அனுப்பினா, ஆள் இருக்கணும்ல" என்றார்.

இப்போது என் அறையைத் திறக்கிறேன். சாமி உண்டா என்று கேட்டால், சில நாள் உண்டு என்று தோன்றுகிறது, சில நாள் இல்லை. விளக்கேற்றும்போது யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். காம்பராவில் காய்ச்சல்காரக் குழந்தை என் மடியில் உயிர் அடங்கிப்போன அன்று யாருமே கேட்கவில்லை என்று இருந்தது. செத்த பிறகு என்ன என்பது எனக்குத் தெரியாது. எத்தனையோ புத்தகம் வாசித்தேன், எழுதினவர்களுக்கும் தெரியவில்லை. ஆக, நான் உங்கள் இரண்டு பேர் கட்சியிலும் இல்லை.

ஆனால் நீ ஓரத்தில் எழுதிய கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. உன் தாத்தா ஸ்டோரில் கொழுந்து வாட்டினவர், பாட்டுக்காரர், கோபக்காரர், சாதாரண மனுஷன். அவரே இந்த வெறும் நெற்றிக்காரரைப் பார்த்து, இவன் பொய் சொல்ல மாட்டான், இது போதும் என்று தன் பெண்ணைக் கொடுத்தார். நீ கும்பிடுகிற முருகன் உன் தாத்தாவைவிடச் சின்ன மனசுக்காரனா? அப்படியென்றால் அவனுக்காக நீ இத்தனை மைல் நடப்பது வீண். அப்படி இல்லையென்றால் நீ நிம்மதியாகத் தூங்கலாம். உன் அப்பா எங்கே போவார் என்று நீ கவலைப்பட வேண்டாம், அவன் பார்த்துக்கொள்வான்.

நீ பக்குவமாகச் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ அப்படிக் கேட்டது அவருக்குத் தெரியாது. பதுளையில் துணி எடுத்துச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். மணவறையில் மாப்பிள்ளையின் தகப்பன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று போன வாரம் பூசாரியையே விசாரித்து வந்திருக்கிறார். நீ கேட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டார். உன் நல்ல நாளில் உனக்கு மனக்கஷ்டம் வரக்கூடாது என்று அந்தப் புதுச் சட்டையோடு வீட்டிலேயே இருந்துவிடுவார். பிறகு வாழ்நாள் முழுக்க நீ அதை நினைத்துக்கொண்டிருப்பாய், அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அதனால் எனக்குப் பதில் எழுதாதே, அவருக்கே நேராக எழுது. பெரிய கடிதம் வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்கப்பா என்று ஒரு வரி போதும். எப்படி வர வேண்டும் என்று மட்டும் எழுதாதே.

அம்மா